மகாராஜாவும் மாட்டெலும்பு சூப்பும்

வியட்நாமின் ஹுவே நகரத்தில் து தூக் என்று ஒரு பேரரசர் இருந்தார். 1847 முதல் 1883 வரை ஆட்சி. ஆட்சியைவிட அவருடைய சாப்பாட்டு மேஜைதான் பிரசித்தம். ஒரு வேளைக்கு 50 பதார்த்தங்கள், சமைக்க 50 பேர், பரிமாற 50 பேர் என்று உள்ளூர் டூரிஸ்ட் கைடுகள் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். டீ போடக் கிணற்றுத் தண்ணீர் எடுத்தால் கௌரவக் குறைச்சல். ஆகவே தாமரை இலைமேல் ராத்திரி இறங்கிய பனித்துளிகளைச் சேகரித்துக் கொதிக்க வைப்பார்களாம். நாலு டம்ளர் டீக்கு எத்தனை ஏக்கர் குளம் ஆயிற்று என்று கணக்கு கேட்க அப்போது ஆடிட்டர் யாரும் இல்லை.

மனைவியர் 104 பேர் என்கிறார்கள். சொந்தப் பிள்ளை ஒன்றுகூட இல்லை. அப்பா காலமானால் மகன்தான் அவர் புகழைக் கல்வெட்டில் எழுதவேண்டும் என்பது மரபு. மகனுக்கு எங்கே போவது? தன் சமாதிக்கான கல்வெட்டைத் தானே எழுதி வைத்துவிட்டார் மனிதர். கிட்டத்தட்ட 5,000 எழுத்துகள். அதில் தன் குறைகளையும் ஒப்புக்கொண்டிருக்கிறார், பாராட்டத்தான் வேண்டும். ஒப்புக்கொள்ள விஷயமும் நிறையவே இருந்தது. அவர் பனித்துளி டீ உறிஞ்சிக்கொண்டிருந்த அதே 1860-களில் பிரெஞ்சுக்காரர்கள் தெற்கு வியட்நாமை மாகாணம் மாகாணமாக விழுங்கி ஏப்பம் விட்டிருந்தார்கள்.

போகட்டும். அந்த 50 பதார்த்தங்களில் இன்று உங்களுக்கு ஒன்றின் பெயராவது தெரியுமா? எனக்கும் தெரியாது. ஹுவே என்ற ஊர்ப் பெயரை உலகமெங்கும் ஹோட்டல் மெனுக்களில் ஏற்றி வைத்தது அரண்மனைச் சமையல் இல்லை. தெருவோரத்தில், முழங்கால் உயர ஸ்டூலில் குந்தி, மூக்கு ஒழுக ஒழுகச் சாப்பிடும் ‘பூன் போ ஹுவே’ என்ற நூடுல்ஸ்தான். சக்ரவர்த்தி பாவம், தன் ஊரிலேயே ஒரு சூப்பிடம் தோற்றுப்போனார்.

ஆனால் தோற்றதில் வெட்கமில்லை, சூப் அப்படி. மாட்டெலும்பும் பன்றிக்காலும் மணிக்கணக்கில் கொதிக்கும். அதில் நசுக்கிய எலுமிச்சைப்புல் தண்டுகள் கட்டுக்கட்டாக விழும். கூனி இறாலை உப்பில் போட்டுப் புளிக்க வைத்த விழுது ஒன்று உண்டு. மூடியைத் திறந்தால் பக்கத்து வீட்டுக்காரர் வீடு மாற்றிவிடுவார். அதைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்து ஊற்றுவார்கள். மேலே செக்கச்செவேலென்று மிளகாய் எண்ணெய். உருண்டையான, தடித்த அரிசி நூடுல்ஸ். அமெரிக்க சமையல் நிபுணர் அந்தோனி போர்டெயின் டி.வி. கேமரா முன்னால் இதைச் சாப்பிட்டுவிட்டு, உலகத்தின் மிக உயர்ந்த சூப் இதுதான் என்று தீர்ப்பே எழுதிவிட்டார். சமாதிக் கல்வெட்டுக்கு இல்லாத பப்ளிசிட்டி.

இந்த நூடுல்ஸைக் கண்டுபிடித்த புண்ணியவதிக்கு என்ன பரிசு கிடைத்தது தெரியுமா? ஊரைவிட்டு விரட்டினார்கள்! 16-ஆம் நூற்றாண்டில் வடக்கிலிருந்து தெற்கே குடியேறியவர்களோடு வந்த ஒரு பெண், அரிசியை ஊறவைத்து, அரைத்து, பிழிந்து ‘பூன்’ செய்தாளாம். பொறாமை பிடித்த ஊரார், ‘சாமி கொடுத்த அரிசியை இவள் மாவாக அரைப்பதால்தான் மூன்று வருஷமாக விளைச்சல் இல்லை’ என்று பஞ்சாயத்து கூட்டினார்கள். தொழிலை விடு, அல்லது ஊரை விடு. அந்தம்மா ஆட்டுக்கல்லைத் தூக்கிக்கொண்டு ஊரை விட்டாள். போய்ச் சேர்ந்த இடம் ஹுவே பக்கத்திலுள்ள வான் கூ கிராமம். இன்றைக்கும் அந்த ஊர் பூன் பிழிந்துதான் பிழைக்கிறது. விரட்டிய ஊர்? கதையிலேயே அதற்கு வில்லன் ரோல்தான்.

இது செவிவழிக் கதை. தேதி, ஆதாரம் எல்லாம் கேட்காதீர்கள். ஆனால் வியட்நாமின் நூடுல்ஸ் சரித்திரம் முழுக்க இதே கதைதான் வேஷம் மாற்றி மாற்றி வருகிறது. பெரிய மனிதர்கள் பெருமை பேசுவார்கள். துரத்தப்பட்டவர்கள், பஞ்சம் பிழைக்க வந்தவர்கள், எலும்பைத் தவிர வேறெதுவும் வாங்க முடியாதவர்கள் சமைப்பார்கள். பிறகு பெரிய மனிதர்களின் பேரன்கள் வந்து ‘இது எங்கள் பரம்பரைச் சொத்து’ என்று போர்டு மாட்டுவார்கள்.

இதில் முதல் கேஸ், ‘ஃபோ’. வியட்நாம் என்றதும் கூகுள் முதலில் காட்டுகிற அதே மாட்டிறைச்சி நூடுல்ஸ் சூப். இரண்டாயிரம் வருஷ நாகரிகத்தின் தேசிய உணவு அல்லவா, ஏதோ ஆதி மன்னன் காலத்தில் அவதரித்திருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? வயது ஏறக்குறைய சினிமாவின் வயதுதான். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹனோயிலும் அதற்குத் தெற்கே நாம் டின் வட்டாரத்திலும் தள்ளாடித் தள்ளாடி நடை பழகிய குழந்தை அது.

குழந்தைக்கு அப்பா யார் என்பதில்தான் சண்டை. ‘நாங்கள்தான்’ என்கிறது பிரெஞ்சுக் கட்சி. அவர்கள் ஊரில் மாட்டெலும்பைக் காய்கறியோடு கொதிக்கவிடும் ஒரு சூப் உண்டு, வெங்காயத்தைச் சுட்டுப் போடும் பழக்கமும் உண்டு. ‘சும்மா இருங்கள், அரிசி நூடுல்ஸும் அன்னாசிப்பூவும் உங்கள் பாட்டி வீட்டுச் சீதனமா?’ என்கிறது சீனக் கட்சி. ‘நீங்கள் இரண்டு பேரும் வருவதற்கு முன்பே நாங்கள் எருமைக்கறிக் குழம்பில் பூன் போட்டுச் சாப்பிட்டோம்’ என்கிறது உள்ளூர்க் கட்சி. டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்தால் மூன்று பேரும் மாட்டுவார்கள்.

நடந்தது இவ்வளவுதான். வியட்நாமியருக்கு மாடு என்றால் உழவுக்கு, தட்டுக்கு அல்ல. பிரெஞ்சு துரைமார்கள் வந்தார்கள், ஸ்டேக் கேட்டார்கள். நல்ல சதையெல்லாம் துரை வீட்டுக்குப் போனது. கசாப்புக் கடையில் எலும்பும் ஜவ்வும் மலையாகக் குவிந்தன. சீனத் தெரு வியாபாரிகளும் உள்ளூர்க்காரர்களும் அதைக் கொள்ளை மலிவாக வாங்கி, ராத்திரி முழுக்கக் கொதிக்கவிட்டு, அரிசி நூடுல்ஸில் ஊற்றிக் கூலியாட்களுக்கு விற்றார்கள். துரை தூக்கியெறிந்த எலும்பு தேசிய உணவாகிவிட்டது. துரையின் ஸ்டேக்? அது எல்லா ஊர் ஏர்போர்ட்டிலும் கிடைக்கிறது, யாரும் அதற்குக் கவிதை எழுதுவதில்லை.

அந்தக் கால ஃபோ வியாபாரியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். தோளில் காவடிக் கம்பு. ஒரு முனையில் தொங்குவது அடுப்பு, நெருப்பு, கொதிக்கும் சூப்புப் பானை. மறுமுனையில் அலமாரி, அதற்குள் நூடுல்ஸ், கறி, கத்தி, வெங்காயத்தாள், கிண்ணங்கள், கழுவ ஒரு வாளித் தண்ணீர். ஆக, சமையலறை, டைனிங் ஹால், ஸ்டோர் ரூம் மூன்றும் ஒரு மனிதனின் இடது தோளில். ராத்திரி முழுக்க ஹனோய் சந்துகளில் கூவிக்கொண்டே நடப்பான். இன்று ‘கிளவுட் கிச்சன்’ என்று சொல்லி முதலீட்டாளரிடம் கோடிக்கணக்கில் பணம் கேட்கிறார்களே, அதை அவன் கால் செருப்பு இல்லாமலேயே நடத்திக் காட்டினான்.

இப்படி நடந்தவர்களில் பெரும்பாலானோர் நாம் டின்னில் இருக்கும் ஒரு கிராமத்துக்காரர்கள். கோ என்ற குடும்பப் பெயர். ஹனோயில் இன்றும் பாதி ஃபோ கடைகளில் ‘நாம் டின் பரம்பரை’ என்று போர்டு தொங்கும். சரி, அந்தக் கிராமத்தின் பெயர் என்ன? வான் கூ! ஆமாம், ஹுவே பக்கத்தில் ஆட்டுக்கல் அம்மாள் போய்ச் சேர்ந்த ஊருக்கும் இதே பெயர்தான். இரண்டும் வேறு வேறு ஊர்கள், நடுவில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். குழந்தைக்கு நூடுல்ஸ் தொழில் வாய்க்க வேண்டுமென்றால் எந்த ஊரில் பிறக்க வேண்டும் என்பது இப்போது தெரிந்துவிட்டது.

அடுத்து அரசாங்கம் உள்ளே வருகிறது. அரசாங்கம் வந்தால் சும்மா வருமா? உழவு மாடுகளைக் காப்பாற்ற, 1939-ஆம் ஆண்டுவாக்கில் திங்களும் வெள்ளியும் மாட்டிறைச்சி விற்கக்கூடாது என்று உத்தரவு. வாரத்தில் இரண்டு நாள் கடையை மூடுவதா? வியாபாரிகள் கோழியைப் போட்டார்கள். ஹனோய் ரசிகர்கள் கொதித்தார்கள். ‘கோழியில் ஃபோவா? கலாசாரம் என்ன ஆவது?’ கலாசாரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்று கோழி ஃபோவுக்கென்றே தனிக் கடைகள், தனி க்யூ, தனி கர்வம். மாட்டிறைச்சி சாப்பிடாத நம் ஊர்க்காரர்கள் அந்த அதிகாரிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சாப்பிடலாம்.

பிறகு புரட்சி வந்தது. நுயென் துவான் என்ற பெரிய எழுத்தாளர், 1957-இல் ஃபோவைப் பற்றி உருகி உருகி ஒரு கட்டுரை எழுதினார். நாடே சோஷலிசம் கட்டிக்கொண்டிருக்கும்போது இவர் சூப் குடித்துக்கொண்டிருக்கிறாரே என்று கண்டனக் குரல்கள் கிளம்பின. கட்டுரை இன்றும் வாசிக்கப்படுகிறது. கண்டித்தவர்கள் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவர்களும் காலையில் என்ன சாப்பிட்டுவிட்டுக் கண்டித்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

யுத்த காலமும் ரேஷன் காலமும் சேர்ந்தபோது ஹனோயில் அரசாங்க ஃபோ கடைகள் வந்தன. கறி கிடையாது. வெந்நீரில் நூடுல்ஸ், மேலே அஜினோமோட்டோ, அவ்வளவுதான். அப்போது அமெரிக்கா வட வியட்நாமின் மேலே ஆளில்லா உளவு விமானங்களை அனுப்பிக்கொண்டிருந்தது. ஹனோய்க் குசும்பு சும்மா இருக்குமா? கறியில்லாத அந்தச் சூப்புக்கு ‘பைலட் இல்லாத ஃபோ’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். தலைக்குமேல் குண்டு, தட்டில் வெறும் நூடுல்ஸ், இந்த நிலைமையில் ஜோக் அடிக்கத் தெரிந்த ஜனங்களை எந்த வல்லரசு ஜெயிக்க முடியும்? ஜெயிக்கவில்லை.

அந்தக் கடைகளில் அலுமினிய ஸ்பூன்கள் திருட்டுப் போகாமலிருக்க நடுவில் ஓட்டை போட்டு வைத்திருந்தார்கள் என்று அந்தத் தலைமுறை நினைவுகூரும். வீட்டுக்குக் கொண்டுபோனால் உபயோகப்படாது பாருங்கள். கடையிலும்தான் உபயோகப்படாது! சூப் ஒழுகி முடிவதற்குள் வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு ஸ்பூனைக் காப்பாற்ற ஊர் முழுவதையும் வேகமாகச் சாப்பிட வைத்த நிர்வாகத் திறமையை எந்த மேனேஜ்மென்ட் புத்தகத்திலும் பார்க்க முடியாது.

இதற்கிடையில் 1954-இல் நாடு இரண்டாகப் பிரிந்து, லட்சக்கணக்கான வடக்கத்தியர் தெற்கே போனார்கள். கூடவே ஃபோவும் போனது. சைகோன் செழிப்பான ஊர். ‘என்ன இது, சூப் மொட்டையாக இருக்கிறதே’ என்று பயறு முளைகட்டியது ஒரு கை, திருநீற்றுப்பச்சிலை ஒரு கட்டு, எலுமிச்சை, இனிப்பு சாஸ், மிளகாய் சாஸ் என்று பக்கத்தில் ஒரு தோட்டத்தையே வைத்தார்கள். ஹனோய்க்காரர் இதைப் பார்த்தால், கும்பகோணத்து மாமாவிடம் சிக்கரி டப்பாவை நீட்டியதுபோல் முகம் போகும். அவருக்கு வெங்காயத்தாள், கொஞ்சம் பூண்டு வினிகர், மிளகாய், தொட்டுக்கொள்ள எண்ணெயில் பொரித்த மாவுக்குச்சி, அதோடு சரி. சாஸ் பாட்டிலைத் தொட்டால் கலப்படக் கேஸ்.

யார் சொல்வது சரி? ஹனோய்க்காரர் ‘தூய்மை’ என்கிறார். எந்தத் தூய்மை? பிரெஞ்சு எலும்பு, சீன மசாலா, நாம் டின் கூலியாள் மூன்றும் சேர்ந்த தூய்மை. சைகோன்காரர் ‘சுதந்திரம்’ என்கிறார். சூப் எதன் சூப் என்றே தெரியாத அளவுக்குச் சாஸ் ஊற்றும் சுதந்திரம். என் தீர்ப்பு: ஹனோயில் சாஸ் கேட்காதீர்கள், சைகோனில் இலைகளை ஒதுக்காதீர்கள். இரண்டு ஊரிலும் கடைக்காரம்மா உங்களைவிடக் கரண்டி பிடித்தவர்.

சைகோன் ஃபோவில் இன்னொரு விஷயமும் மறைந்திருந்தது. ஃபோ பின் என்று ஒரு சின்னக் கடை. நடத்தியவர் ங்கோ தொவாய். பவ்யமான மனிதர். அமெரிக்கச் சிப்பாய்களும் தென் வியட்நாம் ராணுவத்தினரும் வாடிக்கையாளர்கள். கீழே அவர்கள் சூப் உறிஞ்சிக்கொண்டிருக்க, மாடியில் அவர்களையே தாக்குவதற்கு வியட்காங் ரகசியப் படையின் கமாண்ட் ஆபீஸ் நடந்துகொண்டிருந்தது! 1968 தெத் புத்தாண்டுத் தாக்குதலில் சைகோனுக்கான உத்தரவு அந்த மாடியிலிருந்துதான் போனது. உலகத்தின் பெரிய உளவு அமைப்புகள் காட்டையெல்லாம் சல்லடை போட்டுத் தேடின. மாடிப்படி ஏறிப் பார்க்கவில்லை. பெரும்பாலும் சூப் ஆறிவிடும் என்ற கவலையாக இருக்கும்.

ங்கோ தொவாய் பிடிபட்டார், சிறைக்குப் போனார், யுத்தம் முடிந்து தியாகியாகக் கொண்டாடப்பட்டார். கடைக்கு வரலாற்றுச் சின்னம் என்ற அந்தஸ்து. அப்புறம் அங்கே வந்து குவிந்த வாடிக்கையாளர்கள் யார் தெரியுமா? அமெரிக்க டூரிஸ்டுகள். கடையின் பெயரான ‘பின்’னுக்கு அமைதி என்று பொருள். போர்டு வைத்தவருக்கு நகைச்சுவை உணர்ச்சி கொஞ்சம் ஓவர்.

அமெரிக்கா துப்பாக்கியால் பிடிக்க முடியாததைச் சாப்ஸ்டிக்கால் பிடிக்க முயன்றது. 2000 நவம்பரில் பில் கிளின்டன் வந்தார். சைகோனின் பென் தான் மார்க்கெட் பக்கத்தில் ஃபோ சாப்பிட்டார். கடை அதையே போர்டாக்கிக் காசு பார்த்தது. 2016 மே மாதம் ஒபாமா. ஹனோயில் ஹுவோங் லியென் என்ற சாதாரணக் கடை, பிளாஸ்டிக் ஸ்டூல், எதிரே நம்ம போர்டெயின். மேஜையில் ‘பூன் சா’. பில் ஆறு டாலர். கொடுத்தது போர்டெயின். உலகத்தின் மிகச் சக்திவாய்ந்த மனிதர், பர்ஸை எடுக்காமல் எழுந்துபோனார்!

அந்தக் கடை என்ன செய்தது? ஒபாமா உட்கார்ந்த மேஜை, ஸ்டூல், கிண்ணம், பீர் பாட்டில் எல்லாவற்றையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டது. மெனுவில் ‘ஒபாமா காம்போ’ வேறு. மாவோ முதல் லெனின் வரை தலைவர்களைத்தான் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். ஹனோயிலேயே ஹோ சி மின் அப்படித்தான் இருக்கிறார். ஒரு சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பதவி உயர்வு கிடைத்தது இங்கேதான். மற்ற மேஜைகளுக்கு எப்படி இருக்கும் சொல்லுங்கள்!

பூன் சா நிஜமாகவே அந்த மரியாதைக்குத் தகுதியானது. மதிய நேரம் ஹனோய்த் தெருவில் நடந்தால் புகைதான் வழிகாட்டும். கரித்தணலில் பன்றிக்கறித் துண்டுகளும் குட்டிக் குட்டி உருண்டைகளும் கொழுப்புச் சொட்டச் சொட்ட வேகும். மீன் சாஸ், சர்க்கரை, வினிகர் கலந்த வெதுவெதுப்பான சாற்றில் அவற்றை அப்படியே போடுவார்கள், கூடவே பச்சைப் பப்பாளித் துண்டு. வெள்ளை பூன் தனியே, இலை தழை தனியே. கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து முக்கிச் சாப்பிட வேண்டும். ராத்திரி கேட்டால் உள்ளூர்க்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். ஆனால் ஒபாமா ராத்திரிதான் சாப்பிட்டார். சீக்ரெட் சர்வீஸிலும் ஹனோய்க்காரர் யாரும் இல்லைபோல.

ஹனோயில் திட்டு வாங்கிக்கொண்டே சாப்பிடும் கடைகளும் உண்டு. ஆர்டரில் குழப்பினாலோ, சட்டியருகே நின்று அதிகப்பிரசங்கம் செய்தாலோ கடைக்காரம்மா பரம்பரையையே இழுப்பார். ‘பூன் திட்டு, கஞ்சி வசவு’ என்று இதற்கு ஊரில் வழக்கே இருக்கிறது. இதற்குப் பயந்து கூட்டம் குறைந்ததா? வெளிநாட்டு டி.வி. வந்து படம் பிடித்துக்கொண்டு போன அளவுக்குக் கூடிவிட்டது. ஐந்து நட்சத்திர ஹோட்டலில் ‘சார் சார்’ என்று கும்பிடுவதை யாராவது படம் பிடித்திருக்கிறார்களா?

நடுவியட்நாமுக்கு வாருங்கள். ஹோய் ஆன் என்ற பழைய துறைமுகம், ‘காவ் லாவ்’ என்ற நூடுல்ஸ். இதன் பில்டப்பைக் கேட்டால் ராக்கெட் விடுகிறார்களோ என்று தோன்றும். அரிசியை ஊறவைக்கும் தண்ணீர், ஊரிலுள்ள பா லே என்ற, பழைய சாம் ராஜ்ஜியக் காலத்துக் கிணற்றிலிருந்துதான் வரவேண்டும். அதில் கலக்கும் சாம்பல், கடலுக்குள்ளே இருக்கும் கூ லாவ் சாம் தீவின் மரத்திலிருந்துதான் எடுக்கவேண்டும். செய்யும் வித்தை ஊரில் ஒரு சில குடும்பங்களுக்குத்தான் தெரியும். இத்தனையும் பொருந்தினால்தான் நூடுல்ஸுக்கு அந்தப் பழுப்பு நிறமும் பல்லில் அகப்படும் கெட்டியும் வருமாம். ஊருக்குள் எத்தனை கடைகளில் காவ் லாவ் விற்கிறது, அந்தக் கிணறு எத்தனை சின்னது என்று இரண்டையும் பார்த்துவிட்டு நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கும் அப்பாச் சண்டை உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் ஹோய் ஆனில் ஜப்பானிய வியாபாரிகளுக்குத் தனித் தெருவே இருந்தது. அவர்கள் பெயரில் ஒரு பாலம் இன்றும் நிற்கிறது. 1635-இல் ஜப்பான், வெளிநாடு போன தன் குடிமக்கள் திரும்பி வரக்கூடாது என்று கதவைச் சாத்தியது. வியாபாரத்துக்கு வந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். நூடுல்ஸ் தடிமனாக ஜப்பான் மாதிரி இருக்கிறது. மேலே வைக்கும் பன்றிக்கறி சீன மாதிரி இருக்கிறது. இலைகள் சந்தேகமில்லாமல் வியட்நாம். சாம்பல் சாம்களுடையது என்பவர்களும் உண்டு. மூன்று நாட்டுத் தூதரகமும் உரிமை கொண்டாடலாம். சாம்பலுக்கு மட்டும் தூதரகம் இல்லை; சாம் ராஜ்ஜியமே வரைபடத்தில் இல்லை.

பக்கத்திலேயே குவாங் நாம் வட்டாரத்தின் ‘மீ குவாங்’. மஞ்சள் போட்ட அகல நூடுல்ஸ், கிண்ணத்தின் அடியில் மட்டும் கொஞ்சமாகச் சாறு, மேலே வறுத்த நிலக்கடலை, நொறுக்கிப்போட அரிசி அப்பளம். இறால், பன்றி, கோழி, விரால், தவளை எதை வேண்டுமானாலும் போடலாம். குவாங் நாம்காரர்கள் வாக்குவாதத்துக்குப் பேர்போனவர்கள் என்று வியட்நாமில் பழமொழியே உண்டு. இது சூப்பா, சாலடா என்று அவர்களிடம் கேட்டுவிடாதீர்கள். நீங்கள் கிளம்பும் விமானம் போய்விடும்.

தெற்கே சைகோனின் காலை உணவு ‘ஹூ தியூ’. இதில் புகழ்பெற்ற வகையின் பெயரே ‘நாம் வாங்’, அதாவது கம்போடியாவின் நாம் பென். கம்போடியாவில் குடியேறிய தென்சீனத்து டியோசியூ மக்கள் செய்து, எல்லை தாண்டி வந்த சரக்கு. கொத்துக்கறி, ஈரல், இறால், காடை முட்டை என்று கிண்ணத்திலேயே கண்காட்சி. இதன் ஏழை வீட்டுப் பதிப்பை ராத்திரி சந்துகளில் விற்பார்கள். ஒரு பையன் இரண்டு கட்டைகளை டொக் டொக்கென்று தட்டிக்கொண்டே முன்னால் போவான். ஆர்டர் எடுத்து ஓடுவான். கிண்ணத்தை வீட்டு வாசலில் கொடுப்பான். ஆப் இல்லை, ரேட்டிங் இல்லை, டெலிவரி சார்ஜும் இல்லை. கிண்ணத்தைத் திருப்பி வாங்கவும் அவனே வருவான்.

சைகோனில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரித் தமிழர்கள் அரசாங்க வேலைக்குப் போனார்கள். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வட்டிக்கடை வைத்தார்கள். மாரியம்மன் கோவிலும் தண்டாயுதபாணி கோவிலும் நகர நடுவிலேயே எழும்பின. மாரியம்மனிடம் இன்று வரிசையில் நின்று வேண்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் வியட்நாமியர்தான். இந்தியர்கள் வழியாகப் போனதாகச் சொல்லப்படும் ‘கா ரி’ என்ற கறிக்குழம்பைத் தேங்காய்ப்பால், எலுமிச்சைப்புல், சர்க்கரைவள்ளிக்கிழங்கு சேர்த்துக் கொதிக்கவிட்டு, ரொட்டியோடோ பூனோடோ சாப்பிடுகிறார்கள். வட்டிக்கு விட்டதைத் தவறாமல் திருப்பிக் கேட்ட நம்மவர்கள், விட்டுவந்த மசாலாவை மட்டும் கேட்க மறந்துவிட்டார்கள்.

இத்தனை பெருமையும் பேசிவிட்டு, வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள்? உலக இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் சங்கத்தின் கணக்குப்படி 2021-இல் தலைக்கு 87 பாக்கெட். கொரியாவையே பின்னுக்குத் தள்ளி உலகத்தில் முதலிடம்! கிணற்றுத் தண்ணீர், தீவுச் சாம்பல், பரம்பரை ரகசியம் எல்லாம் விருந்தாளிக்கு. ராத்திரி பதினொரு மணிக்குப் பசித்தால் அவர்களும் பாக்கெட்டைத்தான் கிழிக்கிறார்கள்.

2024 ஆகஸ்டில் வியட்நாம் அரசு ஃபோவைத் தேசியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. ஹனோய் ஃபோவையா, நாம் டின் ஃபோவையா? இரண்டையும், தனித்தனியாக! கூடவே மீ குவாங்கையும். அடுத்த ஆண்டு ஜூலையில் மாகாணங்களை ஒன்றிணைத்தார்கள். நாம் டின் மாகாணம் நின் பின்னோடு சேர்ந்துவிட்டது. குவாங் நாம், தா நாங்கில் கரைந்தது. நூறு வருஷம் ‘எங்கள் ஊர் நூடுல்ஸ்’ என்று சண்டை போட்டவர்களுக்கு நூடுல்ஸ் மிஞ்சியது, மாகாணம்தான் மிஞ்சவில்லை.

ஆகவே, டிக்கெட் போட்டிருக்கும் வாசகருக்குச் சில வார்த்தைகள். ‘போ’ என்றால் மாடு, ‘கா’ என்றால் கோழி, ‘சாய்’ என்றால் சைவம்; இந்த மூன்றையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அமாவாசை, பௌர்ணமியில் பௌத்தர்கள் சைவம் சாப்பிடுவதால் அன்று சைவக் கடைகளில் நல்ல கூட்டம் இருக்கும். மற்ற நாட்களில், முக்கியமாக ஹுவேயில், தேடினால் கிடைக்கும். மீன் சாஸ் எல்லாவற்றிலும் எட்டிப்பார்க்கும், கேட்டுக்கொள்ளுங்கள். ஏ.சி. ரெஸ்டாரன்ட்டில் எல்லா ஊர் நூடுல்ஸும் ஒரே மெனுவில் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரே பதார்த்தத்தை முப்பது வருஷமாகச் செய்கிற கடைதான் உங்கள் கடை.

‘இது ஒரிஜினலா?’ என்று மட்டும் எந்த ஊரிலும் கேட்காதீர்கள். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் இரண்டு மூன்று அப்பாக்கள், ஒருவரும் ஒரிஜினல் சர்டிஃபிகேட் வைத்திருக்கவில்லை. சட்டி எத்தனை மணிக்குக் காலியாகும் என்று கேளுங்கள். அதற்கு அரைமணி முன்னால் போய் ஸ்டூலைப் பிடியுங்கள்.